கோனியோசஸா, பிராக்கானா? குப்பியில் இருக்கும் குளவியை அடையாளம் காண்பது எப்படி

கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் எங்களுக்கு 40 தென்னை. கருந்தலைப் புழு விழுந்து அடிமட்டைகள் காய்ந்து நிற்கின்றன. காரைக்குடிக்கு வந்துபோகும் ஒருவரிடம் கோனியோசஸ் ஒட்டுண்ணி என்று சொல்லி, குப்பிக்கு 100 குளவி வீதம் 8 குப்பி வாங்கினேன். பக்கத்துத் தோப்புக்காரர் இது பிராக்கான் என்கிறார். மரமேறி மேலே கொண்டுபோய் விட விற்றவர் தனிக்கூலி கேட்கிறார். இது எந்தக் குளவி என்று நானே எப்படித் தெரிந்துகொள்வது? படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: படத்தில் இருப்பது பிராக்கான். பக்கத்துத் தோப்புக்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இரண்டுமே கருந்தலைப் புழுவைக் கொல்லும், ஆனால் விடவேண்டிய எண்ணிக்கை வேறு. காசர்கோடு மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் கோனியோசஸ் என்றால் மரத்துக்கு 20, பிராக்கான் என்றால் 30 என்கிறது. 40 மரத்துக்கு 800 என்று வாங்கிவிட்டீர்கள். பிராக்கானுக்கு 1,200 வேண்டும். பெயர் மாறினால் உங்களுக்கு நேரும் நஷ்டம் இதுதான்.

பார்ப்பதற்கு 10 மடங்கு கை லென்ஸ் போதும். எந்தக் குப்பியிலும் அடியில் நாலைந்து செத்துக் கிடக்கும். அவற்றை வெள்ளைத்தாளில் தட்டி, வளவில் நல்ல வெளிச்சம் விழும் நேரத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலில் தலை. கோனியோசஸுக்குத் தலை தட்டை. அகலத்தைவிட நீளம் அதிகம், வாய் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். உடலும் தட்டையாக, கறுத்து மினுங்கும். கருந்தலைப் புழு ஓலையின் அடியில் நூலும் கழிவும் சேர்த்துக் கட்டும் கூண்டுக்குள் நுழைய வேண்டிய பூச்சி, அதற்கேற்ற உடல்வாகு. பிராக்கானின் தலை உருண்டு அகன்றது, முகம் கீழ்நோக்கி இருக்கும். பிராக்கானின் வாய்க்கு மேலே வட்டமாக ஒரு குழி உண்டு. நாங்கள் அதைத்தான் முதலில் தேடுவோம், ஆனால் கை லென்ஸில் அது சரியாகப் பிடிபடாது. நீங்கள் அதை விட்டுவிடுங்கள்.

அடுத்து உணர்கொம்பு. பிராக்கானுக்கு நூல்போல மெலிந்து நீண்டிருக்கும், கோனியோசஸுக்குக் குட்டை. இறக்கையில் பிராக்கானுக்கு நரம்புகள் குறுக்கும் நெடுக்கும் ஓடி மூடிய அறைகளாகப் பிரியும். கோனியோசஸுக்கு நரம்பு குறைவு, வெளிப்பாதி வெறுமையாக இருக்கும். முன்விளிம்பில் உள்ள கரும்புள்ளியை வைத்து முடிவுகட்ட வேண்டாம், அது இரண்டிலும் உண்டு.

கடைசியாக வால்முனை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பெண் பிராக்கானின் வயிற்று நுனியில் முட்டையிடும் குழல் சிறு நூலாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், உங்கள் படத்திலும் தெளிவாகத் தெரிகிறது. கோனியோசஸின் கொடுக்கு உள்ளே அடங்கியிருக்கும். நூல் இருந்தால் அது கோனியோசஸ் இல்லை, இந்த மட்டும் சந்தேகமே வேண்டாம். ஆனால் நூல் இல்லை என்பதற்காக கோனியோசஸ் என்று சொல்லிவிட முடியாது. ஆண் பிராக்கானுக்கு அந்தக் குழல் கிடையாது. குப்பியில் ஆணும் பெண்ணும் கலந்துதான் இருக்கும். விற்பவர் சாமர்த்தியமாக ஓர் ஆண் குளவியை விரலில் ஒட்டிக் காட்டி, "வால் இருக்கா பாருங்க அண்ணே" என்பார். பார்த்தால் இருக்காது, நீங்களும் நம்பிவிடுவீர்கள். ஆகவே ஒன்றை மட்டும் பார்க்காதீர்கள். பத்துப் பூச்சியாவது பாருங்கள். வால் இல்லாதவற்றுக்குத் தலையையும் கொம்பையும் பாருங்கள். ஆண் பிராக்கானின் கொம்பு பெண்ணுடையதைவிட நீளம், அந்த நீளத்திலேயே ஆள் அகப்பட்டுவிடும்.

நிறத்தை நம்பவே வேண்டாம். பிராக்கான் பழுப்பு மஞ்சளாகவும் வரும், குளிரில் வளர்ந்தால் கறுத்தும் வரும். கறுப்பாக இருக்கிறது என்பதால் மட்டும் கோனியோசஸ் ஆகிவிடாது. கோனியோசஸை இறக்கை முளைத்த எறும்பு என்று தூக்கிக் கொட்டியவர்களும் உண்டு. எறும்பின் கொம்பு முழங்கைபோல மடிந்திருக்கும், இடுப்பில் முடிச்சு இருக்கும். கோனியோசஸுக்கு அந்த முடிச்சு இல்லை.

ஏன் மாற்றி விற்கிறார்கள்? பிராக்கான் அரிசி அந்துப்பூச்சிப் புழுவில் மளமளவென்று பெருகும், வளர்ப்பது சுலபம். கோனியோசஸுக்குக் கவனிப்பு அதிகம் வேண்டும், அதனால் விலையும் கூடுதல். வளர்ப்பவரைவிட இடையில் நிற்பவர்தான் பெயரை மாற்றுகிறார். கேட்பாரும் இல்லை. 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் நுண்ணுயிர் மருந்துகளைப் பதிவு செய்யச் சொல்கிறது, உயிருள்ள ஒட்டுண்ணிக் குளவிக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. குப்பியில் இனப்பெயரும், குளவி வெளிவந்த தேதியும் எழுத வேண்டும் என்று ஓர் உத்தரவு போட என்ன தடை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அரசு வழியில் கேட்டு மனுக் கொடுத்தால், ஒப்புதல் வந்து குப்பி கைக்குக் கிடைப்பதற்குள் தோப்பில் புழுவெல்லாம் கூட்டுப்புழு ஆகிவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் இந்த வியாபாரிகள் பிழைக்கிறார்கள்.

மரமேறி விடக் கூலி கேட்கிறார் என்றீர்களே, ஒரு பைசா கொடுக்காதீர்கள். கொண்டைப் பகுதியில் விட்டால் அங்கே காத்திருக்கும் சிலந்தியும் கொல்லி நாவாய்ப்பூச்சியும் குளவியைத் தின்றுவிடும். அடிமரத்தில் விடுவதுதான் முறை. குப்பியைத் திறந்து மரத்தோடு சாய்த்துப் பிடித்தால் தாமாக ஏறிப் போகும். நம் பக்கத்து வெயிலில் உச்சிப்பொழுது வேண்டவே வேண்டாம், காலையிலோ மாலையிலோ விடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் சில வாரம் தோப்பில் பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது.

விடுவதற்கு முன் நாலு மரத்தில் காய்ந்த ஓலை வெட்டி, கூண்டைப் பிரித்துப் பாருங்கள். ஓரளவு வளர்ந்த புழு இருந்தால் விடலாம். கூட்டுப்புழு மட்டும் இருந்தால் இந்த இரண்டு குளவிக்கும் அங்கே வேலை இல்லை. அப்போது தோப்பில் பின்னந்தொடை பருத்த கறுப்புக் குளவி ஏதாவது பறக்கிறதா என்று கவனியுங்கள். அது பிராக்கிமீரியா, கூட்டுப்புழுவைத் தாக்கும் இனம். இருந்தால் தொந்தரவு செய்யாமல் விடுங்கள்.

வாங்கிய 8 குப்பியைத் திருப்ப வேண்டாம், வைத்திருந்தால் செத்துப்போகும். புழு இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். விற்றவரிடம் லென்ஸோடு போய்க் காட்டி, பிராக்கான் விலைக்கே கணக்கை நேர்செய்து இன்னும் 4 குப்பி கேட்டு வாங்குங்கள்.