நிறுத்தி வைத்த மின்சார காரில் ஒரே இரவில் 4 சதவீதம் குறைவது ஏன்?

கேள்வி: இரவு 72 சதவீதத்தில் நிறுத்திப் பூட்டிய என் மின்சார கார் காலையில் 68 காட்டுகிறது. சார்ஜரில் மாட்டவில்லை, ஏ.சி.யும் ஓடவில்லை. சர்வீஸ் சென்டரில் இது இயல்புதான் என்கிறார்கள். அப்படித்தானா?

இயல்பு அல்ல. பூட்டிய பின்னும் இணையத்தோடு பேசிக்கொண்டே இருக்கும் டெஸ்லா காருக்கே, அதன் கையேடு ஒரு நாளைக்குச் சுமார் 1 சதவீதம் குறையலாம் என்றுதான் சொல்கிறது. நான் செங்கோட்டையில் இருக்கிறேன். வேலைக்காக வாரத்தில் நான்கு நாள் ஆரியங்காவு கணவாயைக் கடந்து புனலூர் போய் வருகிறேன். சென்ற ஆண்டு சாரல் காலத்தில் எனக்கும் இதே தொல்லை வந்தது, இதே பதிலும் கிடைத்தது.

என் காரின் பேட்டரி 24 யூனிட் கொள்ளளவு உள்ளது. அதில் 4 சதவீதம் ஏறத்தாழ 1 யூனிட். பத்து மணி நேரத்தில் 1 யூனிட் போகிறது என்றால், இரவு முழுவதும் 100 வாட் குண்டு பல்பு ஒன்று காருக்குள் எரிந்ததற்குச் சமம். ஒழுங்காக உறங்கும் காருக்குச் சில வாட் போதும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகுதான், ஏதோ ஒன்று இரவெல்லாம் விழித்திருக்கிறது என்ற எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது.

ஆனால் தேடத் தொடங்கும் முன், குறைவது மின்சாரமா, திரையில் தெரியும் எண் மட்டுமா என்று பார்த்துவிடுங்கள். இன்னும் இத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று காட்டும் கணக்கை நம்பவே வேண்டாம்; முந்தைய ஓட்டத்தை வைத்து கார் போடும் ஊகம் அது, மலை ஏறி வந்த மறுநாள் அது குறைந்துதான் நிற்கும். மூணாறு போன்ற குளிர்ந்த ஊர்களில் டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் இன்னும் குறையும். சதவீதத்தையும் முழுதாக நம்புவதற்கில்லை. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரியில், சார்ஜ் பாதிக்கு மேல் இறங்கினாலும் வோல்டேஜ் அதிகம் மாறாது என்பதால், எவ்வளவு மீதி இருக்கிறது என்பதை உள்ளே போன, வெளியே வந்த மின்னோட்டத்தைக் கூட்டிக் கழித்தே கார் கணக்கிடுகிறது. அதில் சேரும் பிழை, அவ்வப்போது 100 சதவீதம் வரை ஏற்றும்போதுதான் சரியாகிறது. ஆகவே ஒரு நாள் முழுதாக ஏற்றி, ஓர் இரவு ஓட்டாமல் நிறுத்தி, காலையில் மறுபடி மாட்டி, சார்ஜர் எத்தனை யூனிட் உள்ளே தள்ளுகிறது என்று பாருங்கள். எனக்கு 1 யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாகவே ஏறியது. இழப்பு உண்மைதான் என்று தெரிந்துவிட்டது.

மின்சார காரில் இரண்டு பேட்டரிகள் உண்டு என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். சக்கரத்தைச் சுற்றும் பெரிய பேட்டரி, காரை அணைத்ததும் காண்டாக்டர் எனப்படும் கனமான சுவிட்சுகளால் துண்டிக்கப்பட்டுவிடுகிறது. அதன்பின் பூட்டு, அலாரம், சாவியின் சிக்னலைக் கேட்கும் ஆண்டெனா எல்லாம், பெட்ரோல் காரில் இருப்பது போன்ற 12 வோல்ட் பேட்டரியில் இருந்துதான் ஓடுகின்றன. அது இறங்கிவிட்டால், என் கார் உட்படப் பல கார்கள் தாமே விழித்து, காண்டாக்டரை மூடி, பெரிய பேட்டரியின் உயர் வோல்டேஜைச் சின்னதற்கு ஏற்ப இறக்கும் டிசி-டிசி கன்வெர்ட்டரை ஓடவிட்டு, பெரியதில் இருந்து சிறியதற்கு ஊற்றிவிட்டு மறுபடி படுக்கும். சின்ன பேட்டரியில் இருக்கும் ஓட்டை பெரிய பேட்டரியின் கணக்கில் தெரிவது இதனால்தான்.

சாரல் விட்டிருந்த ஓர் இரவு, திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது ஷெட்டுக்குள் காரின் அடியில் இருந்து 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. பெட்டியின் தாழைத் தட்டியது போன்ற சத்தம். மறுநாள் மாலை, மல்டிமீட்டரின் இரண்டு வயர்களையும் 12 வோல்ட் பேட்டரியின் முனைகளில் கிளிப் போட்டு மாட்டி, ஒன்றோடொன்று உரசாதபடி டேப் சுற்றி, பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, காரைப் பூட்டிவிட்டுக் காத்திருந்தேன். முதலில் 12.4 வோல்ட். முக்கால் மணி நேரத்துக்குள் 11.9. பிறகு காண்டாக்டர் மூடும் அதே 'டக்', மீட்டர் 14.1க்குத் தாவியது, ஏறத்தாழ ஒரு மணி நேரம் அங்கேயே நின்றது. இதுவே இரவு முழுவதும் மாறி மாறி நடந்தது. பூட்டிய காரில் 14 வோல்ட் தெரிந்தால் கன்வெர்ட்டர் ஓடுகிறது என்றே பொருள். நல்ல லெட் ஆசிட் பேட்டரி சும்மா இருக்கும்போது 12.6 அளவில் நிற்க வேண்டும்.

வோல்டேஜ் இறங்குகிறது என்பது தெரிந்தாலும் யார் இறக்குகிறார்கள் என்பது தெரியாது. அதற்கு டிசி மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். எங்கள் ஊரில் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சி ஒருவர் வைத்திருந்தார். பானெட்டைத் திறந்தபடியே அதன் பூட்டு நாக்கை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி, மூடிவிட்டதாகக் காரை நம்பவைத்து, சாவியை வீட்டுக்குள் தூரமாக அனுப்பிவிட்டு, அரை மணி நேரம் கழித்து நெகட்டிவ் வயரில் கிளாம்பை மாட்டினார். 0.41 ஆம்பியர். "உறங்கவே இல்லையே தம்பி இது" என்றார். பெரும்பாலான கார்களில் அந்த நேரத்துக்குள் 0.05 ஆம்பியருக்குக் கீழே வந்திருக்க வேண்டும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டே வந்தபோது, ஒன்றில் எண் 0.03க்கு விழுந்தது. கார் நிற்கும்போதும் பதிவு செய்யும் டேஷ்கேமின், அதாவது முன்கண்ணாடிக் கேமராவின் ஃபியூஸ் அது. பொருத்திய கடைக்காரரைக் குறை சொல்வதற்கில்லை. நிற்கும்போதும் பதிவாக வேண்டும் என்று கேட்டு வாங்கியது நான்தான்.

ஆனால் 0.41 ஆம்பியர் என்பது 5 வாட்தான். பத்து மணி நேரத்துக்கு 0.05 யூனிட். மீதி எங்கே போனது? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை. அந்த 5 வாட்டை ஊட்டுவதற்காக விழிக்கும்போதெல்லாம் காண்டாக்டர் சுருள்கள், கட்டுப்பாட்டுப் பெட்டிகள், கன்வெர்ட்டர் என்று ஒரு படையே சேர்ந்து விழிக்கிறது. என் கணக்கில் அதற்கு மட்டும் 150 வாட் அளவில் செலவாகியிருக்கிறது. அத்துடன், நல்ல பேட்டரியாக இருந்தால் டேஷ்கேமின் பசியை இரவு முழுவதும் சிரமமின்றித் தாங்கியிருக்கும். முக்கால் மணி நேரத்தில் சரிந்தது என்றால், என் 12 வோல்ட் பேட்டரி முன்பே செத்துப்போய்விட்டது. பெரிய பேட்டரி ஓயாமல் தாங்கிப்பிடித்ததால் அது வெளியே தெரியவில்லை. உங்கள் காருக்கு மூன்று நான்கு வயதாகியிருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

டேஷ்கேமே இல்லை என்றால் மற்றவற்றைப் பாருங்கள். சாவியைக் காருக்கு ஒட்டிய சுவரில் மாட்டி வைப்பது, மொபைல் ஆப்பை அடிக்கடி திறந்து சார்ஜ் எவ்வளவு என்று பார்ப்பது (பார்ப்பதே காரை எழுப்பும்), காலையில் ஏ.சி. தானாக ஓடும்படி வைத்த டைமர், பிறகு இணைத்த ஜி.பி.எஸ். கருவி, இவை எல்லாமே உறக்கத்தைக் கெடுப்பவை. மூன்று இரவுகள் ஆப்பைத் தொடாமல், சாவியை அடுக்களையில் வைத்துப் பார்த்தால் செலவில்லாமல் பாதி விடை தெரிந்துவிடும்.

12 வோல்ட் பக்கம் தவிர வேறு எதையும் நீங்களே தொட வேண்டாம். பெரிய பேட்டரியின் உயர் வோல்டேஜ் ஓடும் ஆரஞ்சு நிற வயர் எங்கே தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். 12 வோல்ட் பேட்டரியை மாற்றுவதற்கும் கையேட்டில் ஒரு வரிசை இருக்கும். அதைப் பார்க்காமல் கழற்றாதீர்கள். சர்வீஸ் சென்டருக்கு மறுபடி போகும்போது வெறும் சதவீதத்தைச் சொல்லாமல், நேரமும் வோல்டேஜும் எழுதிய தாளைக் கொண்டுபோங்கள். நான் அப்படிப் போனபோது, முதலில் இயல்பு என்றவர்களே பேட்டரியை லோடு டெஸ்டரில் வைத்துப் பார்த்துவிட்டு, வாரண்டியில் வேறு மாற்றிக் கொடுத்தார்கள். டேஷ்கேமை, கார் ஆன் ஆகும்போது மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸுக்கு அண்ணாச்சி மாற்றினார். அதன்பின் ஆறு நாள் காரை எடுக்காமல் ஊருக்குப் போய் வந்தேன். 63இல் விட்டது 62இல் நின்றது.