பேசத் தயங்குபவர்கள் எழுதுவார்கள்

கேள்வி: ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்குப் பல்லினக் கல்வி நடத்துகிறேன். இனம் என்ற பேச்சு வந்தாலே வகுப்பு அமைதியாகிவிடுகிறது. இணையத்தில் விவாதிக்கச் சொன்னால் பயன் இருக்குமா?
- வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: நிச்சயமாக இருக்கும், டீச்சர். நேரில் பேசும்போது மலாய், சீன, இந்திய மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே சொல்ல வந்ததை விழுங்கிவிடுகிறார்கள். எழுதும்போது யோசிக்கலாம், அழித்துத் திருத்தலாம், கூச்சப்படும் பிள்ளைக்கும் முறை வரும்.

ஆனால் 'ஒற்றுமை பற்றி எழுதுங்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள், எல்லாரும் மெர்டேக்கா (சுதந்திர தின) உரையைத்தான் எழுதுவார்கள். உங்கள் ஊரிலேயே நல்ல கேள்வி இருக்கிறதே! ஜார்ஜ்டவுனில் இந்திய முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. அந்தப் பெயரில் தென்னிந்தியரைக் குறிக்கும் 'கிளிங்' என்ற சொல், தலைவர் என்று பொருள்படும் 'கப்பித்தான்' பட்டத்தோடு மரியாதையாக நிற்கிறது, அதே 'கிளிங்' என்ற சொல்லை இன்று நம் பிள்ளையைப் பார்த்து யாராவது சொன்னால் மனம் புண்படுகிறது. ஏன் இப்படி? அவரவர் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வந்து எழுதட்டும்.

பெயரை மறைத்து எழுத விடாதீர்கள், நாளைக்கு ஒரே ஆசிரியர் அறையில் உட்காரப் போகிறவர்கள். அப்புறம், ஒவ்வொரு பதிவுக்கும் நீங்களே முந்திக்கொண்டு பதில் போடாதீர்கள், இரண்டு நாள் பொறுங்கள். யாராவது காயப்பட்டது தெரிந்தால் மட்டும் உடனே நேரில் கூப்பிட்டுப் பேசுங்கள்.