நெல்மணிக் கணக்கு: கடிதம்

அன்புள்ள ஐயா,

சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவர் முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று 64 கட்டத்துக்கும் அரசனிடம் கேட்ட கதையை ஒன்பதாவது படிக்கும் மகளுக்குச் சொன்னேன். மொத்தம் 18446744073709551615 என்றதும், "அஞ்சுல முடியுதே, அப்ப அஞ்சால வகுபடும். வேற எதாலம்மா வகுபடும்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. சொல்வீர்களா?

க.

அன்புள்ள க.,

கதையைக் கேட்கிற எல்லாரும் எண்ணின் நீளத்தைப் பார்த்து மலைப்பதோடு நின்றுவிடுகிறோம். உங்கள் மகள் அதைப் பிரித்துப் பார்க்கக் கேட்கிறாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இலக்கங்களைக் கூட்டினால் 87, அதனால் 3 ஆலும் வகுபடும். ஆனால் ஒவ்வொன்றாகத் தேட வேண்டாம். மொத்த நெல் 2⁶⁴ − 1. இது (2³²)² − 1² என்று இரண்டு வர்க்கங்களின் வித்தியாசம், பள்ளியில் படித்திருப்பாள். உடைத்தால் (2³² − 1) × (2³² + 1), அதாவது 4294967295 × 4294967297. முதல் எண்ணை அதே வழியில் உடைத்தால் 65535 × 65537. அப்புறம் 65535 என்பது 255 × 257, 255 என்பது 15 × 17, 15 என்பது 3 × 5.

3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள். ஒவ்வொன்றிலும் ஒன்றைக் கழித்து, வர்க்கமாக்கி, ஒன்றைக் கூட்டினால் அடுத்தது வரும். அப்படி ஆறாவதாக வருவதுதான் மிச்சமிருக்கும் 4294967297. அதுவும் பகா எண்ணே என்று 17ஆம் நூற்றாண்டில் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணிதர் நம்பினார். 1732இல் ஆய்லர் என்ற சுவிஸ் கணிதர் அதை 641 × 6700417 என்று பிரித்துவிட்டார்.

641 எப்படி வகுக்கிறது என்பதை வகுத்துப் பார்க்காமலே காட்டலாம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது, மகளோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். 640 என்பது 5 × 2⁷. அது 641க்கு ஒன்று குறைவு, அதனால் 641 ஆல் வகுத்தால் மீதி −1 என்று வைத்துக்கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸, மீதி 1. இப்போது 5⁴ என்பது 625, அதாவது 641 − 16. எனவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ ஐப் போடலாம். −2³² இன் மீதி 1 என்று வருகிறது. சரி, அப்படியென்றால் 2³² + 1 மீதியில்லாமல் வகுபட்டாக வேண்டும். 2³² + 1 தான் 4294967297.

ஆக, அவள் கேட்ட பகாக் காரணிகள் மொத்தம் ஏழு: 3, 5, 17, 257, 641, 65537, 6700417.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்கமுள்ள ஒழுங்குப் பலகோணத்தை (எல்லாப் பக்கமும் எல்லாக் கோணமும் சமமானது) வரைய முடியும் என்று 1796இல் காஸ் என்ற ஜெர்மன் கணிதர் கண்டார். அவர் காட்டிய வழிப்படி 3, 5, 17, 257, 65537 ஐந்தையும் பெருக்கி வரும் எண்ணிக்கையில் பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணமும் வரையத்தக்கதே. ஒற்றைப்படைப் பக்கங்களில் இப்படி வரையத்தக்கவை என இதுவரை தெரிந்தவற்றுள் அதுதான் மிகப் பெரியது. அதன் பக்கங்கள் 4294967295. பலகையின் முதல் 32 கட்டங்களில் உள்ள நெல்லை எண்ணினாலும் அதே எண்தான்.

அன்புடன்.