மகளைக் கேலி செய்தவர்களின் படத்தை முகநூலில் போடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. பிறையில் ஓர் இடைநிலைப்பள்ளியில் படிவம் 2 படிக்கிறாள். இரண்டு மாதமாக வகுப்புப் பையன்கள் சிலர் போலி இன்ஸ்டாகிராம் கணக்கில் அவள் படத்தைப் போட்டு, நிறத்தைச் சொல்லிக் கேவலமாக எழுதுகிறார்கள். போன வாரம் வீட்டு முகவரியையும் அவள் போன் நம்பரையும் போட்டுவிட்டார்கள். கட்டொழுங்கு ஆசிரியர் "பிள்ளைகள் விளையாட்டு" என்கிறார். போலீசுக்குப் போனாலும் 100 வெள்ளி அபராதத்தோடு முடிந்துவிடும் என்கிறார் கணவர். அந்தப் பையன்களின் படத்தை முகநூலில் போட்டு நாறடிக்கலாம் என்கிறான் என் தம்பி. என்ன செய்வது?
— ஒரு தாய், பினாங்கு

பதில்: முதலில் தம்பியைப் பிடித்து நிறுத்துங்கள் அம்மா. ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கத்தோடு அவருடைய அடையாள விவரங்களை வெளியிடுவது இப்போது தண்டனைச் சட்டத்தின் 507ஈ பிரிவில் குற்றம்; 3 ஆண்டு வரை சிறை. உங்கள் முகவரியைப் போட்ட பையன் மாட்டப்போவது அதே பிரிவில்தான். தம்பி போய் அவன் பக்கத்தில் நிற்க வேண்டுமா? புகார் கொடுத்த பிறகு போட்டால் இன்னொரு சிக்கல். வழக்கில் சம்பந்தப்பட்ட பிள்ளையின் படத்தை வெளியிடுவதை 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் தடுக்கிறது. அது உங்கள் மகளின் படத்துக்கும் பொருந்தும்.

அந்த 100 வெள்ளிக் கதை எங்கிருந்து வந்தது என்று தெரியும். 2024 ஜூலையில் கோலாலம்பூரில், இணையத்தில் கேலிக்கும் மிரட்டலுக்கும் ஆளான டிக்டாக் பிரபலம் எஷா இறந்தபோது, குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒரு பெண்ணுக்கு 1955ஆம் ஆண்டுச் சிறு குற்றச் சட்டத்தின் கீழ் 100 ரிங்கிட் அபராதம் விதித்தார்கள். அந்தப் பிரிவில் உச்ச அபராதமே அவ்வளவுதான். நம் வீடுகளில் அன்று கொதிக்காதவர் யார்? அதற்குப் பிறகுதான் தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் வந்தன. 2025 ஜூலை 11 முதல் அமலில் உள்ளன. வேதனையோ பயமோ உண்டாக்க வேண்டும் என்றே மிரட்டினால், ஏசினால், இழிவுபடுத்தினால் 507பி பாயும். இதற்கும் 3 ஆண்டு வரை. ஆக, கணவர் சொல்வது பழைய கணக்கு.

அதற்காகப் பையன்கள் நாளைக்கே சிறைக்குப் போவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் வழக்கு சிறார் நீதிமன்றத்தில், கதவை மூடிக்கொண்டுதான் நடக்கும். 14 வயது நிரம்பாதவருக்குச் சிறைத்தண்டனையே கிடையாது. கண்டித்து அனுப்பலாம், நன்னடத்தைப் பிணையில் விடலாம். எனக்கென்னவோ, பெற்றோரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாஜிஸ்திரேட் முன் நிற்பதே இந்த வயதில் போதும் என்று தோன்றுகிறது.

சரி, ஆதாரத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய நான்கு ஸ்கிரீன்ஷாட்டில் மூன்றில் கணக்கின் பெயரே இல்லை. மகள் முகம் தெரியக்கூடாது என்று மேல்பகுதியை வெட்டி, பூ ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருக்கிறீர்கள். தாய் மனம் புரிகிறது, ஆனால் விசாரணை அதிகாரிக்கு இது உதவாது. கணக்கின் முகப்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பதிவாகத் திறந்து, பெயரும் தேதியும் தெரிய ஸ்கிரீன் ரெக்கார்டிங் செய்யுங்கள். கணக்கின் லிங்க்கைத் தனியாக எழுதி வையுங்கள். இதெல்லாம் முடிந்த பிறகே இன்ஸ்டாகிராமில் ரிப்போர்ட் அடியுங்கள். முதலில் அடித்து, பதிவு நீக்கப்பட்டுவிட்டால் உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. மகளின் போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். ஆடையில்லாத படம், அப்படி ஒட்டுப்போட்ட படம் என்று ஏதாவது வந்திருந்தால் ஒருவருக்கும் அனுப்பாதீர்கள், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குக்கூட. பிள்ளைகளின் ஆபாசப் படத்தைப் பகிர்வது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி தனிக் குற்றம். போனோடு நேரே போலீசிடம் போங்கள்.

மகளின் போன் லைன் யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலும் அப்பா பெயராகத்தான் இருக்கும். சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவுப்படி, லைன் யார் பெயரிலோ அவரே பதிவிட்டதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். இல்லை என்று நிரூபிப்பது அவர் பாடு. கோபத்தில் அவள் பதிலுக்கு ஏசினால் மாட்டுவது அப்பா. போலிக் கணக்கின் லைன் அகப்பட்டால் அங்கேயும் ஓர் அப்பா பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

புகாரை எந்தப் போலீஸ் நிலையத்திலும் கொடுக்கலாம். முகவரி வெளியான விஷயத்தை முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வெறும் வாய்ச்சண்டையாகப் பார்த்துவிடுவார்கள். தொடர்பு, பல்லூடக ஆணையத்திடமும் (1-800-188-030) தனியாகப் புகார் செய்யுங்கள். 2025 பிப்ரவரியில் திருத்தப்பட்ட தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233வது பிரிவில், பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் சிறை 5 ஆண்டு வரை போகலாம். அப்புறம் போலீஸ் ரிப்போர்ட் நகலோடு தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதி, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை கேளுங்கள். முத்திரை குத்திய கடிதத்தை "விளையாட்டு" என்று ஒதுக்குவது கடினம்.

மகள் தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா என்று நீங்கள் எழுதவில்லை. ஒதுங்கி ஒதுங்கிப் போகிறாள் என்றால் போலீசுக்குக் காத்திராமல் இன்றிரவே 15999 தாலியான் காசே உதவி எண்ணுக்கு அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.