வரைபடத்தில் உள்ள பூங்கா நிலைக்குமா?

கேள்வி: கூடுவாஞ்சேரி அருகே ஒரு மனைப்பிரிவில் கட்டி முடித்த தனி வீட்டை வாங்க இருக்கிறோம். வரைபடத்தில் பூங்காவும் 30 அடிச் சாலையும் உள்ளன. ஆனால் பூங்காவுக்கான இடம் புதர் மண்டிக் கிடக்கிறது. அதையும் மனைகளாக விற்கப்போவதாக அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். தரகரோ, "அப்ரூவல் வாங்கிய லேஅவுட், பயப்படாதீர்கள்" என்கிறார். நம்பலாமா?

பதில்: தரகரின் வாய்மொழியை நம்ப வேண்டாம்; ஒரே ஒரு பத்திரத்தைத் தேடிப் பாருங்கள். பத்தாயிரம் சதுர மீட்டருக்கு, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு, மேற்பட்ட மனைப்பிரிவாக இருந்தால், சாலைகள் நீங்கலான நிலத்தில் 10 சதவீதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். இதைத்தான் ஓ.எஸ்.ஆர். நிலம், அதாவது திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம், என்கிறார்கள். அந்தப் பத்திரம் பதிவாகியிருந்தால் பூங்கா இடம் மனைப்பிரிவு போட்ட புரமோட்டருடையது அன்று; அதை விற்க அவருக்கு உரிமையே இல்லை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தரகர் கையில் கொடுக்கும் வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) நீங்கள் வாங்கும் மனைக்கு உரியது மட்டுமே; பூங்காவின் கதை அதில் வராது. பூங்கா அமைந்துள்ள சர்வே எண்ணுக்கும் உட்பிரிவுக்கும் தனியாக வில்லங்கம் போட்டு, உள்ளாட்சியின் பெயரில் தானப் பத்திரம் பதிவாகியுள்ளதா என்று பாருங்கள். வண்ணத்தில் அச்சிட்ட விளம்பரத் தாளை வரைபடம் என்று காட்டுவார்கள், சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண்ணும் முத்திரையும் உள்ள வரைபடத்தின் நகலையே கேளுங்கள். ஊராட்சித் தலைவரின் வட்ட முத்திரை மட்டும் இருந்தால் அது அங்கீகாரமே இல்லை. மனைப்பிரிவுக்குத் தாமாக ஒப்புதல் தரும் அதிகாரம் அவருக்குக் கிடையாது.

ஒரு விதிவிலக்கை அவசியம் விளக்க வேண்டும். அங்கீகாரமற்ற மனைகளுக்காக அரசு 2017-இல் வரன்முறை விதிகளை, அதாவது அவற்றைப் பின்னர் சட்டப்படி முறைப்படுத்தும் விதிகளை, கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப்பிரிவுகள் அதன்கீழ் வரன்முறை செய்யப்பட்டன. "வரன்முறை ஆணை இருக்கிறது" என்பதையும் "அப்ரூவ்டு" என்றே தரகர்கள் சொல்வார்கள். ஆனால் அந்த ஆணை உங்கள் மனையைச் சட்டப்படி ஆக்குமே தவிர, இல்லாத பூங்காவை உண்டாக்காது. பல இடங்களில் திறந்தவெளிக்குப் பதிலாகக் கட்டணமே வசூலிக்கப்பட்டது, நிலம் ஒதுக்கப்படவில்லை. ஆகவே உங்கள் ஆவணம் மனைப்பிரிவு அங்கீகாரமா, தனி மனையின் வரன்முறை ஆணையா என்பதை முதலில் பிரித்து அறியுங்கள். இரண்டாவதாக இருந்தால் பூங்காவுக்கென்று ஒரு ரூபாய்கூட விலையில் சேர்க்க வேண்டாம்.

புரமோட்டரிடமே நேரடியாக வாங்குவதாகவும், திட்டம் ரெரா எனப்படும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவானதாகவும் இருந்தால், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் தரத் தேவையில்லை. அதற்கு மேல் வாங்குவதைச் சட்டமே தடுக்கிறது. விளம்பரத் தாள்களையும் பத்திரப்படுத்துங்கள். பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நட்டப்பட்டவர் இழப்பீடு கேட்க அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவு இடம் தருகிறது.

தானமாகப் பெற்ற நிலத்துக்கு ஒரு முள்வேலியும் பெயர்ப்பலகையும் வைக்க உள்ளாட்சிகள் ஏன் ஆண்டுக்கணக்கில் தாமதிக்கின்றன என்பது எனக்கு விளங்கவில்லை. அந்த அலட்சியம்தான் ஆக்கிரமிப்பாளருக்கு வழிவிடுகிறது. தானப் பத்திரம் கிடைத்துவிட்டால், வீட்டைப் பதிந்த கையோடு அதன் நகலை இணைத்து, வேலி போடக் கோரி உள்ளாட்சிக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள்.