ரப்பர் மரத்துக்குள் செம்புக்கு என்ன வேலை?

அன்புள்ள ஐயா,

பால் அதிகம் வடிவதற்காகப் பூசும் எத்திஃபான் மருந்தைத் தடவிய ரப்பர் மரத்தில் உலோகத்தைப் பிடித்துவைக்கும் ஒரு புரதத்தின் 'மரபணு வெளிப்பாடு கூடுகிறது' என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். மரபணு பிறவியிலேயே வந்ததுதானே, அது எப்படிக் கூடும்? மரத்துக்கு உலோகம் எதற்கு? ரப்பர் பாலைச் செம்புப் பாத்திரத்தில் பிடிக்கக் கூடாது என்பார்களே, அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

'வெளிப்பாடு' என்று எழுதிவிட்டு விளக்காமல் போனது என் சோம்பேறித்தனம்தான். மரபணு கூடுவதில்லை. புரதம் செய்வதற்காக அதிலிருந்து எடுக்கப்படும் நகல்கள், அதாவது ஆர்.என்.ஏ., கூடும், குறையும். அதைத்தான் எண்ணுகிறார்கள். ரப்பர் மரத்தில் இதற்கு ஒரு வசதி உண்டு. வெட்டுக்காயத்திலிருந்து வடியும் பால் என்பது பால்குழாய்ச் செல்களின் உட்சாறேதான், உட்கரு பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிட, ஆர்.என்.ஏ. பாலோடு வெளியே வந்துவிடுகிறது. மரத்தை அறுத்துத் திசு எடுக்க வேண்டியதில்லை, வடிகிற பாலைக் கெடாமல் பிடித்தால் போதும்.

உலோகத்துக்கு வருகிறேன். செம்பும் துத்தநாகமும் இல்லாமல் பல நொதிகள் ஓடாது. ஆனால் கட்டுப்பாடில்லாமல் அலையும் செம்பு, ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்தால் செல்லையே அரிக்கிற தீவிரமான மூலக்கூறுகளை உண்டாக்கிவிடும். அதைப் பிடித்து உட்கார வைக்கிற ஆள்தான் மெட்டலோதயோனின். 1957-இல் குதிரையின் சிறுநீரகத்தில் காட்மியத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த நிலையில் முதலில் அகப்பட்டது. தாவரங்களில் பிறகு தெரியவந்தது. சின்னப் புரதம், ஆனால் அதில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் நிறைய. சிஸ்டீனில் இருக்கும் கந்தகம்தான் உலோகத்தை இறுக்கிப் பிடிப்பது.

நான் எழுதியது ரப்பர் மரத்தில் மெட்டலோதயோனினைச் செய்யும் ஹெச்பிஎம்டி2 என்ற மரபணுவைப் பற்றி. எத்திஃபான் பட்டையில் எத்திலீன் என்ற தாவர ஹார்மோனை வெளியிடும், பால் அதிக நேரம் ஓடும், மரத்துக்கு அது ஒரு நெருக்கடி. அப்போது இந்த மரபணுவின் நகல்கள் கூடுகின்றன, ஹைட்ரஜன் பெராக்சைடு நெருக்கடிக்கும் அது அசைந்துகொடுக்கிறது. உலோக நஞ்சு இல்லாத நெருக்கடியிலும் அசைவதால், இதை நஞ்சு மண்ணைச் சுத்தம் செய்கிற மரபணு என்று யாராவது கொண்டாடினால் நான் கொஞ்சம் தயங்குவேன். காட்மியம் மாதிரியான நஞ்சைச் சமாளிப்பதில் தாவரங்களுக்குப் பெரிய துணை ஃபைட்டோகெலட்டின்கள் என்ற, உலோகத்தைப் பிடிக்கும் வேறு சிறு மூலக்கூறுகள், அவற்றை ஒரு நொதி செல்லில் இருக்கும் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறிலிருந்து கோத்துச் செய்கிறது. அப்புறம், நகல் கூடினால் புரதமும் அதே அளவு கூடியிருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது, அதைத் தனியாக அளந்து பார்க்க வேண்டும்.

சரி, செம்புப் பாத்திரம். அங்கே இந்தப் புரதத்துக்கு வேலையில்லை, ஆனால் குற்றவாளி அதே செம்புதான். துளி செம்போ மாங்கனீசோ கலந்தாலும் ரப்பர் காற்றோடு வேகமாக வினைபுரிந்து நாளடைவில் பிசுபிசுத்துக் கெட்டுப்போகும். பித்தளையிலும் செம்பு இருப்பதால் அதையும் பால் பக்கம் கொண்டுபோக மாட்டார்கள்.