பின்னல் ஊசியும் பீடிச் சொளகும்: ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

போன மாதம்தான் இரண்டு ஊசியும் ஒரு உருண்டை உல்லனும் வாங்கினேன். யூடியூப் பார்த்துப் பின்னக் கற்றுக்கொள்கிறேன். ஊசியில் 20 கண்ணி (நூல் வளையம்) போட்டு ஆரம்பித்தால் பத்து வரிசைக்குள் 27 ஆகிவிடுகிறது. எங்கே தப்பு? இந்த வெயிலில் உல்லன் எதற்கு, வேலை மெனக்கெட்ட வேலை என்கிறார்கள் வீட்டில். மாமியார் வந்தால் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கிறேன். குழந்தைத் தொப்பி, சாக்ஸ் என்று பின்னி விற்றால் வாயை மூடுவார்கள். விற்குமா?

ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

கண்ணி கூடுவதற்குக் காரணம் அநேகமாக வரிசையின் முதல் கண்ணிதான். ஊசியைத் திருப்பிப் பிடிக்கும்போது நூல் ஊசிக்கு மேலே ஏறிப் பின்பக்கம் போய்விட்டால், அந்தக் கண்ணி இழுபட்டு அதன் இரண்டு காலும் ஊசிமேல் வந்து இரண்டு கண்ணி மாதிரி நிற்கும். நீங்கள் இரண்டையும் பின்னிவிடுவீர்கள். நூலைக் கீழே இழுத்து, ஊசிக்கு அடி வழியாகப் பின்னால் கொண்டுபோங்கள். வரிசைக்கு வரிசை எண்ணுங்கள். வெயிலுக்குப் பருத்தி நூல் இருக்கிறது, அந்தப் பேச்சை விடுங்கள். ஆனால் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்க அது என்ன திருடின பொருளா? படித்ததும் கோபம்தான் வந்தது.

எங்கள் அம்மை பீடி சுற்றினாள். மடியில் சொளகு, அதாவது முறம், அதில் ஊறவைத்த இலையும் தூளும். தகரத் தகட்டை இலைமேல் வைத்துக் கத்தரிப்பாள், தூளைப் பரப்பி உருட்டுவாள், தலையை மடக்கி நூலைச் சுற்றுவாள். கண் அடுப்பில் இருக்கும், கை பாட்டுக்கு ஓடும். அக்கா பீடி படிக்க உட்கார்ந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். அவளுக்கு ஒரு பக்கம் தொளதொளவென்று வரும், இன்னொரு பக்கம் இறுகிப் புடைக்கும். சரியில்லாத பீடியைக் கடையில் கழித்துவிடுவார்கள், கூலி கிடையாது, போன இலைக்கும் தூளுக்கும் அம்மைதான் கணக்குச் சொல்ல வேண்டும். பிரித்துச் சுற்றலாம் என்றால் இலை கிழிந்துபோகும். அக்கா செய்த ஒவ்வொரு தப்பும் அம்மையின் கூலியில் கழிந்தது. அக்கா பயந்து பயந்துதான் அந்த வேலையைக் கற்றாள்.

உங்கள் உல்லன் அப்படியா? முழுசையும் உருவினால் திரும்ப உருண்டையாகக் கைக்கு வந்துவிடும், ஒரு முழம்கூடக் குறையாது. இப்படி ஒரு வேலை வாய்த்திருக்கும்போது, 20 கண்ணியை 20ஆக நிறுத்தத் தெரிவதற்கு முன்னால் என்ன விலை போகும் என்று கேட்கிறீர்களே!

இந்தச் சீமையில் பெண்களின் கைவேலையைக் காசாக்கித்தான் பார்த்திருக்கிறோம். 1844இல் கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு இடையன்குடிக்கு வந்த எலைசா, அங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவருடைய அம்மா மார்த்தா மால்ட் அதற்கு முன்பே நாகர்கோவிலில் தொடங்கிவைத்த வேலை அது. திண்டில் ஊசி குத்தி, நூல் சுற்றிய சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு முடையும் லேஸ். கணவரின் திராவிட மொழி ஒப்பிலக்கணத்தைப் பற்றிப் பேசாத மேடை இல்லை, எலைசாவின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த லேஸ் விற்றது, பெண்கள் கையில் காசு புழங்கியது. அது சின்ன விஷயம் இல்லை, அந்தக் காசை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். பீடிக் காசில்தான் நாங்கள் படித்தோம்.

ஆனால் கொஞ்ச நாளாகவே ஒரு விஷயம் மனசைப் போட்டுப் பிசைகிறது. எங்கள் அம்மை கை சும்மா இருந்து நான் பார்த்ததில்லை, ஆனால் கட்டுக்கு 25 பீடி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி என்று எண்ணாமல், தன் ஆசைக்கென்று அவள் செய்த கைவேலை ஒன்றைச் சொல் என்றால் எனக்கு ஒன்றுமே ஞாபகம் வரவில்லை. உங்களுக்கு அது கிடைத்திருக்கிறது, தங்கச்சி. அதை ஒளிக்காதீர்கள். வீட்டார் வாயை மூடுவதற்காகப் பின்னவும் பின்னாதீர்கள்.

மாமியார்மேல் வருத்தம் வேண்டாம். அவர்கள் கைக்கும் யாரும் சும்மா இருக்க நேரம் கொடுத்திருக்கமாட்டார்கள். திண்ணையில் அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பின்னுங்கள், கேட்டால் ஊசியைக் கையில் கொடுங்கள். விற்பனையைப் பற்றி இப்போது நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கண்ணி கூடாமல் குறையாமல் ஒரு முழம் பின்னிவிட்டு எழுதுங்கள்.